உள்மூச்சு

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் ஃபக்ருதீன் கடிகாரக் கடை என்று கேட்டால் யாரும் வழி சொல்வார்கள். கடிகாரம், கிராமபோன், ஆர்மோனியம், மௌத் ஆர்கன் எல்லாம் பழுது பார்க்கப்படும் என்று பலகையில் எழுதியிருந்தது. பலகையில் எழுதாத சங்கதி ஒன்று உண்டு. ஆர்மோனியத்தையும் மௌத் ஆர்கனையும் பார்ப்பது ஃபக்ருதீன் அல்ல. கடைக்குப் பின்னால் திரைக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்திருக்கும் அவருடைய தங்கை வஜிஹா.

கல்யாணமாகி மூன்றாம் வருடமே புருஷனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்துவிட்டு அண்ணன் வீட்டுக்கு வந்தவள் அவள். வந்த புதிதில் ஒரு நாள், ஃபக்ருதீன் ஓர் ஆர்மோனிய ரீடோடு அரைநாளாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள், "அது இன்னும் கொஞ்சம் ஏறணும்ணே" என்றாள். ஏற்றிப் பார்த்தார். சரியாக இருந்தது. அன்றைக்கே அவளுக்கு ஒரு சின்ன மேசை போட்டுக் கொடுத்தார். வெளியே தெரிந்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று, விஷயம் திரையோடு நின்றது.

அந்த மேசையில் இருந்த ஆயுதங்களைக் கடையில் வாங்க முடியாது. எல்லாம் அண்ணனும் தங்கையும் தாங்களே செய்துகொண்டவை. மௌத் ஆர்கனின் உள்ளே பித்தளைத் தகட்டில் வரிசையாக நாக்குகள் இருக்கும். அவைதான் ரீடு. நுனியைச் சுரண்டினால் சுரம் ஏறும். அடியைச் சுரண்டினால் இறங்கும். சுரண்டுவதற்கு, தேய்ந்துபோன கிராமபோன் ஊசியை மரப்பிடியில் செருகி ஒரு கருவி. தகட்டை அசையாமல் பிடிக்க, கம்பளித் துணி ஒட்டிய கருங்காலிக் கட்டை. சுரண்டும்போது நாக்கு வளைந்துவிடாமல் அடியில் நுழைத்துத் தாங்க, கைக்கடிகாரத்தின் மெயின்ஸ்பிரிங்கிலிருந்து வெட்டிய எஃகுப் பட்டை. இவை போக, பழைய ஆர்மோனியத்தின் துருத்தி ஒன்று. அன்னிய ஆண்கள் வாய் வைக்கிற வாத்தியத்தில் அவள் வாய் வைக்க முடியாது. அதனால் துருத்தியில் ஒரு தோல்மூக்கு வைத்து, அதை ஒவ்வொரு துளையிலும் பொருத்திக் காற்றடித்துச் சுரம் பார்ப்பாள். துருத்தி காற்றை வெளியே தள்ளும்; உள்ளே இழுக்காது. மௌத் ஆர்கனோ ஊதினால் ஒரு சுரம், உறிஞ்சினால் ஒரு சுரம் பேசுவது. உறிஞ்சிப் பார்க்கிற வேலை மட்டும் ஃபக்ருதீனுடையது.

புதுப் பைசா வந்த அந்த வருடம், வைகாசியில் ஒரு வியாழக்கிழமை. அண்ணி பிரசவத்துக்காகச் சிங்காரப்பேட்டையில் தாய் வீட்டுக்குப் போயிருந்தாள். ஃபக்ருதீன் சாமான் வாங்க விடிகாலையில் பெங்களூருக்குப் பஸ் ஏறியிருந்தார். எட்டு மணிக்கே கடை வாசலில் ஒரு குரல் கேட்டது. அஞ்செட்டிக் காட்டில் கார்டாக இருக்கும் நாராயணப்பன், பட்டாளத்திலிருந்து திரும்பியவர். மூன்று நாளைக்கு முன் கொடுத்துவிட்டுப் போன மௌத் ஆர்கனைக் கேட்டு வந்திருந்தார்.

கடை முன்னால் கூடை வைத்துக் காய்கறி விற்கும் மாதம்மாள் திரைக்குள் தலையை நீட்டினாள். "ஏம்மே, கார்டய்யா வந்துட்டாரு. ஒம்பதரைக்கு ராயக்கோட்டை பஸ்ஸாம். அடுத்த மாசம்தான் திரும்ப வருவாராம். ஆயிட்டுதா?"

"இன்னும் ரெண்டு ரீடு பாக்கிக்கா. அரை மணி நேரம் இருக்கச் சொல்லுங்க."

அவசர அவசரமாகத்தான் முடித்தாள். தகட்டை மரச் சட்டத்தில் வைத்துக் குட்டி ஆணிகளை அடித்தாள். துருத்தியில் பத்துத் துளையும் பேசின. மூடியைத் திருகி, துடைத்து, மாதம்மாள் கையில் கொடுத்தாள். அண்ணன் உறிஞ்சிப் பார்க்கவில்லையே என்று ஒரு நொடி மனசில் வந்தது. எத்தனையோ பார்த்தாயிற்று, இதில் என்ன என்று விட்டுவிட்டாள்.

பத்தேகால் மணி இருக்கும். அடுத்த வேலையை எடுத்தவள் எஃகுப் பட்டையைக் கையில் எடுத்ததும் விரலில் சுருக்கென்று குத்தியது. கல்லில் தேய்த்து மழமழவென்று வைத்திருந்த நுனி அங்கே இல்லை. வெளிச்சத்தில் பார்த்தாள். நுனி ஒடிந்திருந்தது. நொய்யரிசி அளவுக்கு ஒரு துண்டைக் காணோம்.

காலையில் சுரண்டும்போது 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது ஞாபகம் வந்தது. ஆணி ஒன்று தட்டில் விழுந்தது என்று நினைத்திருந்தாள்.

அண்ணனுடைய காந்தத்தை எடுத்து மேசை முழுக்க இழுத்தாள். தட்டைக் கவிழ்த்தாள். கம்பளித் துணியை உதறினாள். தரையில் மண்டியிட்டுப் பாயின் ஒவ்வொரு ஓலையிலும் காந்தத்தை ஓட்டினாள். பழைய ஆணி மூன்றும் ஒரு கடிகார முள்ளும் ஒட்டிக்கொண்டு வந்தன. அந்தத் துண்டு வரவில்லை.

அப்படியானால் அது ஒரே இடத்தில்தான் இருக்க வேண்டும். துருத்திக் காற்று அதைப் பின்னால் தள்ளி மரச் சட்டத்தின் மூலையில் ஒதுக்கியிருக்கும். அதனால்தான் பத்துத் துளையும் பேசியிருக்கின்றன. ஆனால் நாராயணப்பன் உறிஞ்சுவார். முழு மூச்சையும் இழுத்து உறிஞ்சுவார்.

வஜிஹா காந்தத்தைக் கீழே போட்டாள். சின்ன வயதில் அவர்கள் தெருவில் ஒரு தையல்காரர் குண்டூசியை வாயில் கவ்விக்கொண்டே தும்மிவிட்டார். மெட்ராஸுக்குக் கொண்டுபோனார்கள். பதினாலு நாள் கழித்து வண்டியில் கொண்டுவந்து இறக்கினார்கள். அந்தத் துணி மூடிய வண்டி இப்போது கண்ணுக்கு முன்னால் நின்றது.

"மாதக்கா!" என்று அவள் கூப்பிட்ட சத்தம் தெருவரை கேட்டது.

மாதம்மாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அய்யோ, என் கையாலதானே எடுத்துக் குடுத்தேன்!" என்று மாரில் கை வைத்தாள். "யாரையாவது அனுப்பலாமாம்மே?"

"யாரை அனுப்பறது? போறவங்களுக்கு என்னா தெரியும்? திறந்து பாக்க வேணாமா?" வஜிஹா அதற்குள் திருகாணிக் கருவியையும் ஒடிந்த பட்டையையும் ஒரு துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள். "நான்தான் போகணும். நீங்க கூட வரீங்களாக்கா?"

தனியாகக் கடைத்தெரு தாண்டிப் போனவள் இல்லை அவள். அண்ணன் வந்து பூட்டிய வீட்டைப் பார்த்தால் என்ன ஆகும் என்று யோசிக்கவும் பயமாக இருந்தது. வெள்ளைத் துப்பட்டியைத் தலையோடு போர்த்திக்கொண்டாள். மாதம்மாள் கூடையைப் பக்கத்துக் கடையில் தள்ளிவிட்டு, "என் வூட்டுக்காரரு வந்தா ராயக்கோட்டைக்குப் போயிருக்கேன்னு சொல்லிடு" என்று கத்திவிட்டு வந்தாள்.

பதினொன்றரை பஸ் ராயக்கோட்டையில் போய் நின்றபோது மணி ஒன்றாகப் பத்து நிமிஷம். கோட்டை மலை வெயிலில் வெளுத்துக் கிடந்தது. காய்கறி மண்டிக்கு எதிரே டீக்கடை. மாதம்மாள் அங்கே விசாரித்தாள்.

"காக்கிச் சட்டை, பெரிய மீசை. அஞ்செட்டிக்குப் போறவரு. பாத்தீங்களா?"

"கார்டுதானே? இங்கதான் குந்தினு இருந்தாரு. வாயில வெச்சு ஊதற பொட்டி ஒண்ணு வெச்சிருந்தாரு. ஊதிக்கூடக் காட்டினாரு."

வஜிஹாவால் பொறுக்க முடியவில்லை. துப்பட்டிக்குள்ளிருந்தே கேட்டாள். "ஊதினாரா? இல்ல, உறிஞ்சினாரா?"

டீக்கடைக்காரர் விழித்தார். "அதெல்லாம் எனக்கு எப்பிடிம்மா தெரியும்? சத்தம் வந்துது. அப்புறம் இருமினாரு. ரெண்டு மூணு தரம் நல்லா இருமினாரு. தண்ணி கேட்டுக் குடிச்சாரு. தேன்கனிக்கோட்டை பஸ் வந்துது, ஏறிட்டாரு."

வஜிஹா மாதம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "இருமினாராம்க்கா."

"இருமினா என்னா? ஊருல யாருதான் இருமல?" என்றாள் மாதம்மாள். ஆனால் அவள் முகத்திலும் ரத்தம் இல்லை.

தேன்கனிக்கோட்டையில் இறங்கி அஞ்செட்டி பஸ்ஸுக்கு மாற வேண்டும். அந்த பஸ் இரண்டரைக்குப் புறப்பட்டால் மறுநாள்தான் அடுத்தது. அஞ்செட்டியில் இறங்கிய பிறகு கார்டு காட்டுக்குள் ஆறு மைல் ஒற்றையாக நடப்பார் என்று டீக்கடைக்காரர் சொன்னார். யானை நடமாடும் தடம். ஆள் வருவது அதற்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே வாத்தியத்தை வாசித்துக்கொண்டு போவாராம். ஆறு மைலும் வாசித்துக்கொண்டே. அங்கே தொண்டையில் சிக்கினால் ஏன் என்று கேட்க ஆள் ஏது?

மண்டியில் தக்காளி இறக்கிவிட்டு ஒரு லாரி தேன்கனிக்கோட்டைக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. டிரைவர் முனிசாமி மாதம்மாளுக்குத் தெரிந்தவன். அவள் தெலுங்கில் நாலு வார்த்தை பேசினாள். "எக்கு, எக்கு" என்று அவன் கதவைத் திறந்துவிட, இருவரும் முன்சீட்டில் ஏறிக்கொண்டார்கள்.

பாதி வழியில் இன்ஜின் கொதித்து வண்டி நின்றது. முனிசாமி தகரத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்காக ஏரிக்கரைப் பக்கம் நிதானமாக நடந்தான். வஜிஹா சாலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். எதிரே ஒரு மாட்டுவண்டி வந்தபோது, அதில் யாரையாவது படுக்கவைத்துக் கொண்டுவருகிறார்களோ என்று எழுந்து எட்டிப் பார்த்தாள். வைக்கோல்தான் இருந்தது. எத்தனை பேருடைய வாத்தியத்தை இந்தக் கையால் திறந்து மூடியிருக்கிறோம், ஒவ்வொன்றிலும் ஏதாவது விட்டிருப்போமோ என்று ஓடத் தொடங்கிய மனசை அவளால் பிடித்து நிறுத்த முடியவில்லை.

"அழுவாதே, கண்ணு" என்றாள் மாதம்மாள்.

"நான் எங்கக்கா அழுவறேன்?" என்றாள். கன்னம் நனைந்திருந்தது அப்போதுதான் தெரிந்தது.

தேன்கனிக்கோட்டை பஸ் நிறுத்தத்தில் அஞ்செட்டி பஸ் புறப்பட நின்றிருந்தது. கூரை மேல் மூட்டைகளைக் கட்டி முடித்துவிட்டார்கள். மாதம்மாள் லாரியிலிருந்து குதித்த வேகத்தில் ஓடிப்போய் பஸ்ஸுக்கு முன்னால் நின்றுகொண்டு, "கார்டய்யா! கார்டய்யா!" என்று கூவினாள்.

முன்சீட்டிலிருந்து நாராயணப்பன் தலையை நீட்டினார். உயிரோடு இருந்தார். அடுத்த நிமிஷமே அவர் கையால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினார்.

கீழே இறங்கி வந்தவர், "நீ காய் விக்கற அம்மாதானே? என்னா இங்க?" என்றார்.

"காலையில வாங்கினு வந்தீங்களே, அதை ஊதினீங்களா?"

"ராயக்கோட்டையில ஊதிப் பாத்தேன். நல்லாத்தான் இருந்துது."

"உள்ள இழுத்தீங்களா?" என்று வஜிஹா கேட்டாள். அன்னிய ஆண் ஒருவரிடம் அவள் நேராகப் பேசியது அன்றைக்குத்தான்.

அவர் மாதம்மாளைப் பார்த்தார். "யாரு இது?"

"கடைக்காரரு தங்கச்சிங்க. வந்து..." என்று மாதம்மாள் இழுத்தாள்.

"நான்தான் அதை ரிப்பேர் பண்ணேன்" என்றாள் வஜிஹா. "எங்கண்ணன் இல்லீங்க, நான். பண்ணும்போது எஃகுத் துண்டு ஒண்ணு ஒடிஞ்சு உள்ள விழுந்திருக்குது. இழுத்தீங்களா, சொல்லுங்க."

நாராயணப்பனின் முகம் மாறியது. "இழுத்தேன். அப்பதான் இருமல் வந்துது. நான் பீடி குடிக்கறவன், இருமல் எப்பவும் வரும்..."

"தொண்டையில குத்துதுங்களா?"

அவர் எச்சிலை விழுங்கிப் பார்த்தார். மறுபடியும் விழுங்கினார். "குத்தல. இல்ல, இப்ப நீ சொன்ன பின்னாடி குத்தற மாதிரியும் இருக்குது."

அதற்குள் ஜனங்கள் இறங்கிச் சுற்றிலும் நின்றுகொண்டார்கள். கண்டக்டர் கன்னடத்தில் ஏதோ முணுமுணுத்துவிட்டு, "அஞ்சு நிமிஷம், அவ்வளவுதான்" என்றார். துண்டு வாத்தியத்துக்குள் இருந்தால் அவர் இந்த பஸ்ஸிலேயே போகலாம். இல்லையென்றால் நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எது என்று ஐந்து நிமிஷத்தில் சொல்ல வேண்டியவள் வஜிஹா.

பஸ்ஸின் படியிலேயே துணியை விரித்து மூடியைக் கழற்றினாள். அவசரத்தில் திருகாணி இரண்டு தரம் வழுக்கியது. வெளியே ஒன்றும் இல்லை. கவிழ்த்துத் தட்டினாள். விழவில்லை. தகட்டைப் பெயர்க்கலாம் என்றால் ஆணிகளைக் காலையில்தான் பிடுங்கி அடித்திருந்தாள். திரும்பவும் பிடுங்கினால் மரத்தில் பிடிப்பு போய்விடும். அதற்கு நேரமும் இல்லை. துருத்தி வீட்டில் கிடந்தது. இருந்தாலும் அது உறிஞ்சாது.

மூடியைத் திரும்பப் பொருத்தினாள். பிறகு துப்பட்டியின் மெல்லிய முனையை இழுத்து, துளைகளின் மேல் மூடிப் பிடித்தாள். முகத்தை மறைத்திருந்த மடிப்பை விலக்கினாள்.

"ஏம்மே, இத்தனை பேரு பாக்கறாங்க" என்றாள் மாதம்மாள் மெல்ல.

"பாக்கட்டும்க்கா."

ஐந்து வருடமாக அவள் காது அறிந்த வாத்தியம் அது. வாய் அறிந்ததில்லை. இரண்டு பக்கமும் விரலால் அடைத்துக்கொண்டு, துணியோடு சேர்த்து முதல் துளையில் உதட்டை வைத்து மூச்சை இழுத்தாள். அடிக்குரலில் ஒரு சுரம் வந்தது. இரண்டாவது வந்தது. மூன்றாவது, நான்காவது. யாரோ ஒரு பெண் சிரித்தாள். வேறு யாரோ "சும்மா இரு" என்றார்கள். ஐந்தும் ஆறும் சுத்தமாக இருந்தன. ஏழாவதில் சுரம் பாதி வந்து, கரகரத்து நின்றது.

மறுபடியும் இழுத்தாள். கரகரப்பு மட்டும் வந்தது. மார்பில் இருந்த காற்றையெல்லாம் வெளியே விட்டுவிட்டு, மூன்றாம் தரம் பலங்கொண்ட மட்டும் இழுத்தாள். கடுகு வெடித்துத் தெறித்த மாதிரி துணியில் ஏதோ வந்து மோதியது. ஏழாவது துளை முழுக் குரலில் பேசியது.

துணியை விலக்கினாள். நூலில் மாட்டிக்கொண்டு ஒரு மினுக்கம். அதை உள்ளங்கையில் எடுத்து, கொண்டுவந்திருந்த ஒடிந்த பட்டையோடு சேர்த்துவைத்தாள். உடைந்த விளிம்பு இரண்டும் இடைவெளி இல்லாமல் பொருந்தின. வேறு துண்டு எதுவும் இல்லை. அதன்பிறகும் எட்டு, ஒன்பது, பத்து என்று மிச்சமிருந்ததையும் துணியோடு இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"உங்க தொண்டையில ஒண்ணும் இல்லீங்க. பீடி இருமல்தான்."

நாராயணப்பன் படியில் உட்கார்ந்துவிட்டார். அந்தத் துண்டைத் தன் கையில் வாங்கிப் பார்த்தார். "காட்டுல ஒத்தையாப் போறவன்மா நான்" என்று கோபத்தோடு ஆரம்பித்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் பேச்சு நின்றது. "இவ்வளவு தூரம் இதுக்காகவா வந்தே?"

"ஆமாங்க."

கண்டக்டர் விசில் அடித்தார். நாராயணப்பன் துண்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வாத்தியத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு ஏறினார். பஸ் திரும்பி மறையும்வரை, ஒரு சுரமாவது கேட்காதா என்று வஜிஹா நின்றாள். அவர் அதைப் பையிலிருந்து எடுக்கவேயில்லை.

கிருஷ்ணகிரிக்குத் திரும்பியபோது விளக்கு வைக்கிற நேரம். பஸ் ஸ்டாண்டில் ஃபக்ருதீன் நின்றுகொண்டிருந்தார். மத்தியானமே வந்து, பூட்டைப் பார்த்து, மாதம்மாளின் புருஷனிடம் விசாரித்து, அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு பஸ்ஸையும் பார்த்திருக்கிறார். வீட்டுக்குள் போனதும் அவள் துண்டை எடுத்துக் கொடுத்தாள். கடிகாரம் பார்க்கும் கண்ணாடியைக் கண்ணில் பொருத்தி, அதை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான்தான் சூடு காட்டாம வெட்டிக் குடுத்துட்டேன். சூடு காட்டியிருந்தா வளைஞ்சிருக்கும், ஒடிஞ்சிருக்காது" என்றார்.

"சத்தம் எனக்குக் கேட்டுதுண்ணே. ஆணின்னு நெனச்சுட்டேன். அவசரத்துல விட்டுட்டேன்."

"ஊரு முழுக்கத் தெரிஞ்சுட்டிருக்கும், இல்ல?"

"தேன்கனிக்கோட்டையில பஸ் நிறைய ஆளு இருந்தாங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "சரி. கைகால் கழுவிட்டு வா."

தெரியத்தான் தெரிந்தது. கோயில் பஜனைக் கோஷ்டி தங்கள் ஆர்மோனியத்தைப் பாதி வேலையில் வாங்கிக்கொண்டு போனது. ஓசூரிலிருந்து ஒருவர், துண்டைத் தேடிக்கொண்டு போன அந்தப் பெண்ணிடம்தான் கொடுக்க வேண்டும் என்று தன் வாத்தியத்தைக் கொண்டுவந்தார். ஃபக்ருதீன் இரண்டு பேரிடமும் ஒன்றையும் மறைக்கவில்லை. "தங்கச்சிதான் பாக்குது. அது சொல்ற நேரத்துக்குத்தான் கிடைக்கும். பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு யாரும் அவசரப்படுத்தாதீங்க" என்றார்.

மறுமாதம் சம்பளம் வாங்க வந்தபோது நாராயணப்பன் கடைக்கும் வந்தார். கோலால் மரத்தைத் தட்டிக்கொண்டுதான் இத்தனை நாளும் நடந்ததாகச் சொன்னார். ஊதலாம், உறிஞ்சத்தான் தைரியம் வரவில்லையாம். "அந்தம்மா இன்னொரு தரம் பாத்துச் சொல்லட்டும்" என்று வாத்தியத்தை மேசைமேல் வைத்தார்.

வஜிஹா அதை முழுக்கப் பிரித்தாள். இருபது நாக்கையும் ஒவ்வொன்றாகத் துடைத்தாள். மரச் சட்டத்தின் ஒவ்வொரு அறையிலும் காந்த ஊசியை விட்டுப் பார்த்தாள். மூடுவதற்கு முன் மேசையில் இருந்த கருவிகளையெல்லாம் எடுத்து, நுனி நுனியாக விரலால் தடவிப் பார்த்தாள். ஒன்றும் குறையவில்லை. ஒரு மணி நேரம் ஆயிற்று. அவர் காத்திருந்தார்.

வாங்கியவர் வெகு ஜாக்கிரதையாக உதட்டில் வைத்து மூச்சை உள்ளே இழுத்தார். பெரிய, நீளமான ஒரு சுரம். திரைக்கு இந்தப்பக்கம் வஜிஹா மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, இருமல் வருகிறதா, இருமல் வருகிறதா என்று கேட்டுக்கொண்டே நின்றிருந்தாள்.